போர்டில் எல்லாம் இருக்கு, விலை மட்டும் இல்லை! பழைய கார் பேரத்தில் என்ன நடக்கிறது?

‘2017 மாடல், டீசல், சிங்கிள் ஓனர், டிஎன் 39, 62 ஆயிரம் கி.மீ., இன்சூரன்ஸ் கரன்ட்.’

திருப்பூரில் அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு பக்கம் போனால் கார் கன்சல்டிங் வாசலில் நிற்கும் வண்டிகளின் கண்ணாடியில் இப்படி ஒரு அட்டையைப் பார்க்கலாம். (பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகளுக்கு கொங்கு வட்டாரத்தில் ‘கன்சல்டிங்’ என்றுதான் பெயர்.) வண்டியின் ஜாதகத்தையே சொல்லும் அந்த அட்டையில் விலை மட்டும் பெரும்பாலும் இருக்காது. போனில் கேட்டால் “நேர்ல வாங்க பேசிக்கலாம்” என்பார்கள். நேரில் போய்க் கேட்டால் பதிலாக ஒரு கேள்வி வரும்: “உங்க பட்ஜெட் எவ்வளவுங்ண்ணா?”

சாதாரணக் கேள்விதான். ஆனால் வண்டிக்கு அவர் விலை சொல்லும் முன்பே நீங்கள் பட்ஜெட்டைச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவர் காட்டும் எல்லா வண்டியும் அந்த பட்ஜெட்டுக்கு 20 ஆயிரம் மேலேதான் இருக்கும்.

பிஸ்கட் பாக்கெட்டுக்கு விலை உண்டு, காருக்கு இல்லையா?

5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட எம்.ஆர்.பி. அச்சிட வேண்டும். அது பொட்டலமிட்ட பொருட்களுக்கான சட்டம். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய கார் அதற்குள் வராது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் விலையையும் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்கிறது. ஆனாலும் பழைய காரின் கண்ணாடியில் விலையை ஒட்டியே தீர வேண்டும் என்று தனி விதி கிடையாது.

இது நம்மூர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் புது காரின் ஜன்னலில் கம்பெனி விலையை ஒட்ட வேண்டும் என்று 1958-லேயே சட்டம் போட்டார்கள். பழைய கார்களுக்கு 1985-ல் தனி விதி வந்தது. டீலர் ஒவ்வொரு வண்டியின் ஜன்னலிலும் ஒரு தகவல் தாள் ஒட்ட வேண்டும்; வாரன்டி உண்டா, இல்லை ‘உள்ளது உள்ளபடி’தானா என்று அதில் சொல்ல வேண்டும். அந்தத் தாளிலும் விலை கட்டாயமில்லை.

சரி, கன்சல்டிங்காரர் ஏன் போடுவதில்லை? ‘ஏமாத்தத்தான்’ என்று சொல்லிவிடுவது சுலபம். கொஞ்சம் அவர் பக்கத்திலிருந்தும் பார்ப்போம்.

அங்கே நிற்கும் வண்டிகளில் எல்லாமே அவர் காசு போட்டு வாங்கியவை இல்லை. சில ‘பார்ட்டி வண்டி’. சொந்தக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டு, “எனக்கு கைக்கு மூணு இருபது வந்தா போதும்” என்று சொல்லிப் போயிருப்பார். அதற்கு மேல் விற்பது கடைக்காரர் சாமர்த்தியம். போர்டில் 3.90 என்று எழுதினால் முதலில் படிக்கப்போவது யார்? அந்தச் சொந்தக்காரர்தான். அடுத்த நாளே அவருடைய மூணு இருபது, மூணு அறுபது ஆகிவிடும். பக்கத்துக் கடைக்காரரும் படிப்பார். இது போக, பழைய பைக்கையோ காரையோ எக்ஸ்சேஞ்ச் கொடுப்பவருக்கு ஒரு கணக்கு, ஃபைனான்ஸ் போடுபவருக்கு ஒரு கணக்கு, மொத்தப் பணம் தருபவருக்கு ஒரு கணக்கு. ஆக, வண்டிக்கு ஒரே விலை என்று ஒன்று அவரிடமே இல்லை.

அப்படியானால் வாங்க வருபவரைப் பார்த்துத்தான் விலை. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முகத்தைப் பார்த்துச் சொல்லும் விலை

1990-களில் இயன் அயர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சிகாகோ பகுதி கார் ஷோரூம்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆட்களை அனுப்பினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி பேச்சு, ஒரே பேர உத்தி. 300-க்கும் மேற்பட்ட பேரங்கள். 1995-ல் வெளியான முடிவு: வெள்ளையர் ஆண்களுக்குச் சொன்ன விலையைவிட, கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் அதிக விலை சொல்லப்பட்டது. புது கார்களுக்கே இந்த நிலை.

திருப்பூருக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது கஷ்டமில்லை. ஐ.டி. கார்டு தொங்கும் கழுத்தோடு போகிறவர், முதல் தடவை கார் வாங்கும் பெண், கம்பெனி வேலைக்காக வெளி மாவட்டத்திலிருந்து வந்து ஊர்ப் பேச்சுப் பிடிபடாதவர், “இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடலாமா?” என்று கேட்கும் பையன் என ஒவ்வொரு முகத்திலும் கடைக்காரர் ஒரு நம்பரைப் படிப்பார். வண்டியில் ஒட்டாத விலை உங்கள் மேல் ஒட்டப்படுகிறது.

துண்டுக்குள் பேரம்

விலையை வெளியில் சொல்லாமல் பேசுவது கொங்கு நாட்டுக்குப் புதிதா என்ன? காங்கேயம் மாடுகள் கைமாறும் சந்தைகளில் தரகர்கள் கையை ஒரு துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசும் வழக்கம் உண்டு. சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் எவ்வளவு என்று தெரியாது. பேரம் படிந்ததா இல்லையா என்பது முகத்தைப் பார்த்தால்தான் புரியும்.

ஆனால் அங்கே மறைவது விலை மட்டும்தான். மாடு வெட்டவெளியில் நிற்கிறது. வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைச் சொல்லலாம். சுழி பார்க்கலாம். நடக்கவிட்டுப் பார்க்கலாம். வாங்குபவரும் மாடு வளர்த்தவர்தான். விற்பவருக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவருக்கும் தெரியும்.

காரில் கதையே வேறு. விலையை வாய் திறந்து சொல்வார்கள், பல்லைத்தான் பார்க்க முடியாது. ஓடோமீட்டரில் தெரியும் 62 ஆயிரம் உண்மையிலேயே 62 ஆயிரமா, ‘மீட்டர் சுத்தினதா’? பம்பருக்குள் என்ன டிங்கரிங் நடந்தது? 2015 சென்னை வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார்கள் மூழ்கி நின்றன என்பதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அப்படித் தண்ணீர் பார்த்த வண்டியைக் கழுவிக் காயவைத்து பாலிஷ் போட்டு நிறுத்தினால் வெளியில் தெரியுமா?

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் இதைப் பற்றித்தான் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தை. நல்ல வண்டி எது, மோசமானது எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலையைத்தான் கேட்பார். மோசமான வண்டி வைத்திருப்பவருக்கு அது லாபம், உடனே தருவார். நல்ல வண்டிக்காரர் ‘எனக்குக் கட்டாது’ என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வுக்காக 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, இன்னும் இரண்டு பேரோடு சேர்த்து.

நடைமுறையில் இதற்கு அர்த்தம்: நன்றாகப் பராமரித்த வண்டி பல நேரம் கடைக்கே வருவதில்லை. சொந்தக்காரருக்கோ, கூட வேலை செய்பவருக்கோ கைமாறிவிடும். கன்சல்டிங் போவதற்கு முன் உங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போடுவதில் நஷ்டமில்லை.

கடைக்குத்தான் போகிறீர்கள் என்றால், பேரத்துக்கு முன்னால் பல் பார்க்கும் வேலையை முடித்துவிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 2021 மாடல் வண்டி, 20 ஆயிரம் கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள். டயரோ 2024-ல் தயாரானது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் கிளம்பிவிடலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியின் சர்வீஸ் விவரத்தைக் கேட்டுப் பாருங்கள்; எந்தத் தேதியில் எத்தனை கி.மீ. என்பது அதில் பதிவாகியிருக்கும். எம்-பரிவாஹன் ஆப்பில் எத்தனாவது ஓனர், ஹெச்.பி. நிலுவையில் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பார்க்கலாம். இ-சலான் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் அவருக்கு ஒரு 1,000 ரூபாய் கொடுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் கொடுத்துவிடுவார்.

காஸ்டிங் ஷீட் போடுங்க

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், டையிங், சி.எம்.டி., பேக்கிங் என்று பைசா பைசாவாகக் கணக்குப் போட்டு, பையர் ஐந்து சென்ட் குறைக்கச் சொன்னால் அரை நாள் மெயிலில் மல்லுக்கட்டுகிறவர்கள். அதே ஆட்கள் 4 லட்ச ரூபாய் காருக்கு, “ஒரு பத்து ரூபா கொறைங்ண்ணா” என்று சொல்லிவிட்டு சாவியை வாங்கிக்கொண்டு வருவதுதான் ஆச்சரியம். (வண்டி வியாபாரத்தில் பத்து ரூபாய் என்றால் பத்தாயிரம்.)

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நீங்கள் பார்க்கும் அதே மாடல், அதே வருடம், அதே வேரியன்ட் கார்களை நான்கைந்து ஆப்களில் தேடுங்கள். திருப்பூர் மட்டுமல்ல, கோவை, ஈரோடும் சேர்த்து ஒரு பத்து வண்டி. சராசரியாக 4,20,000 சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது அவர்கள் கேட்கும் விலைதான், விற்ற விலையல்ல என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது கழிக்க ஆரம்பிக்கலாம். நாலு டயரும் தேய்ந்திருக்கிறது, 18,000. இன்சூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது, 12,000. கிளட்ச் அழுத்தமாக இருக்கிறது, 10,000. இரண்டு கதவுக்கு பெயின்ட், 8,000. மொத்தம் 48,000. ஆக உங்கள் உச்சவரம்பு 3,72,000. இந்த நம்பர் போனில் எழுதியிருக்க வேண்டும், கடைக்குள் நுழைவதற்கு முன்பே.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம், புது காரின் இன்றைய விலை. “நான் ரோட்டுக்கு வரும்போது ஏழு லட்சம் குடுத்தேன்” என்று விற்பவர் சொல்வார். அந்த ஏழு லட்சத்துக்கு இப்போது அர்த்தமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் இருந்த செஸ்ஸும் போனது. சின்ன பெட்ரோல் காருக்கு முன்பு மொத்தம் 29 சதவீதம், இப்போது 18. வரிக் குறைப்பை அப்படியே கொடுத்தால் 6 லட்ச ரூபாய் எக்ஸ்-ஷோரூம் கார் சுமார் 51 ஆயிரம் இறங்கும். புதுசு இறங்கினால் பழசும் இறங்கித்தான் ஆக வேண்டும். பழைய இன்வாய்ஸை மேசையில் போட்டால், இன்றைய ஷோரூம் விலையைப் போனில் காட்டுங்கள்.

பேச்சு வார்த்தை

முதலில் சொல்லப்படும் நம்பருக்கு ஒரு பசை உண்டு. டானியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1974-லேயே காட்டியது இது: முதலில் காதில் விழும் எண், சம்பந்தமே இல்லாததாக இருந்தாலும், அடுத்து நாம் போடும் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கும். கடைக்காரர் 4.50 என்றால், நம் வாய் தானாகவே 4.20-க்குப் போகும். 3.72 என்று எழுதி வைத்திருந்தது மறந்துபோகும்.

எனவே பட்ஜெட் கேள்விக்கு, “வண்டி புடிச்சா பாத்துக்கலாங்ண்ணா, நீங்க ரேட் சொல்லுங்க” என்று முடித்துவிடுங்கள். அவர் சொன்னதும் கோபப்படவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ‘ஓவரா சொல்றீங்க’ என்பது வாதமல்ல, அதற்கு அவரிடம் ஆயிரம் பதில் இருக்கும். டயர், இன்சூரன்ஸ், கிளட்ச் என்று உங்கள் பட்டியலை வரிசையாகப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். பிறகு உங்கள் நம்பர்: 3,50,000. அங்கிருந்து மேலே ஏறலாம், 3.72-ல் நிற்க வேண்டும்.

“காலைல ஒரு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க, சாயந்தரம் அட்வான்ஸ் போடறாங்க” என்று ஒரு வரி வரும். உண்மையாகவும் இருக்கலாம். அதற்காக அப்போதே டோக்கன் அட்வான்ஸ் போட வேண்டாம். போட்டால் ரசீதில் வண்டி எண், பேசிய விலை, வண்டி பிடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வருமா என்று எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகவாவது இருக்கட்டும். இன்னொன்று, விலை படியாத இடத்தில் பொருளாகக் கேட்கலாம். “ரேட் அப்படியே இருக்கட்டும், நாலு டயர் போட்டுக் குடுங்க, பேர் மாத்தற செலவு உங்களது.” கடைக்காரருக்கு டயர் நமக்குக் கிடைக்கும் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும், அதனால் ரூபாயில் இறங்காதவர் இதில் இறங்குவார்.

பேரமே பிடிக்காது என்பவர்களுக்கு ‘ஃபிக்ஸட் பிரைஸ்’ கடைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கார்மேக்ஸ் 1993-ல் இந்த முறையில் கடை திறந்தது, இங்கே ஸ்பின்னி போன்ற ஆன்லைன் நிறுவனங்கள் அதையே சொல்லி விற்கின்றன. முகத்தைப் பார்த்து விலை மாறாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் ஃபிக்ஸட் என்றால் குறைவு என்று அர்த்தமில்லை. பரிசோதனை, வாரன்டி, விளம்பரம் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கும். காஸ்டிங் ஷீட்டை அங்கேயும் எடுத்துப்போங்கள். வித்தியாசம் 30 ஆயிரம் என்றால் அந்த வாரன்டி 30 ஆயிரத்துக்கு மதிப்பா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

“பில் போட்டா ஜி.எஸ்.டி. ஆகுங்க”

விலை படிந்த பிறகு வரும் அடுத்த பேரம் இது. பில் கேட்டால் 18 சதவீதம் கூடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 3,80,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் 68,400. யாராக இருந்தாலும் ‘பில்லே வேண்டாம் சாமி’ என்றுதான் சொல்வார்கள்.

உண்மை என்ன? பழைய வண்டிக்கான 18 சதவீத வரி, டீலரின் லாபத்துக்கு மட்டும்தான். 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் நடந்த 55-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் சின்ன கார், பெரிய கார், மின்சாரக் கார் எல்லாவற்றுக்கும் ஒரே 18 சதவீதம் என்று ஆக்கினார்கள். லாபத்தின் மேல்தான் வரி என்பது அப்படியே தொடர்கிறது. 3,20,000-க்கு வாங்கி 3,80,000-க்கு விற்றால் லாபம் 60,000. அதற்கு 18 சதவீதம் 10,800. லாபமே இல்லையென்றால் வரியும் இல்லை. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத தனிநபர் தன் காரை விற்றால் இந்த வரியே கிடையாது. பனியன் கம்பெனி தன் பெயரில் இருக்கும் காரை விற்கிறது, அந்தக் காருக்கு வருமான வரியில் தேய்மானம் காட்டியிருக்கிறது என்றால், தேய்மானம் போக மீதியுள்ள மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்குத்தான் வரி.

பில்லை விட்டுக்கொடுக்காதீர்கள். நாளைக்கு ‘ஆக்சிடென்ட் ஆகாத வண்டின்னு சொன்னாங்க’ என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான். 1915 என்ற உதவி எண்ணில் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது. மாட்டினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம்.

பேர் மாறாவிட்டால்?

விலையில் 20 ஆயிரம் ஏமாந்தால் 20 ஆயிரத்தோடு போகும். பேப்பரில் ஏமாந்தால் எங்கே போய் நிற்கும் என்றே சொல்ல முடியாது.

ஓனர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்ட படிவம் 29, 30-ஐ ‘ஓபன் பேப்பர்’ என்பார்கள். அதை வைத்துக்கொண்டே வண்டி இரண்டு, மூன்று கை மாறும். ஆர்.சி.யில் முதல் ஓனர் பெயரே இருக்கும். நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் நடந்தது இதுதான். 2007-ல் விற்ற கார், பெயர் மாறாமலே அடுத்தடுத்துக் கைமாறியது. 2009-ல் விபத்து. இழப்பீட்டுக்குப் பொறுப்பு, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எக்ஸ்சேஞ்சில் உங்கள் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள் என்றால், அந்த முதல் ஓனர் நீங்கள்தான்.

இதைச் சரிசெய்யத்தான் 2023 ஏப்ரல் முதல் புது விதிகள் வந்தன. பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் விற்கும்வரை அவரே ஓனராகக் கருதப்படுவார். கடைக்குப் போனதும் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தர்மசங்கடமாக நெளிந்தால் அதுவும் உங்கள் காஸ்டிங் ஷீட்டில் ஒரு வரி.

ஃபைனான்ஸில் இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். கர்நாடகா, டெல்லி வண்டி மலிவாகக் கிடைத்தால், இங்கே கட்ட வேண்டிய ஆயுள்கால வரியைக் கணக்கில் சேர்த்த பிறகு மலிவா என்று பாருங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதையும் விலையில் சேர்த்துப் பேசியிருந்தால் கழித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு. தமிழ்நாட்டில் இப்போது ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. ஆபீசில் கையில் தருவதில்லை, ஸ்பீடு போஸ்டில்தான் வரும். ஆதாரில் இன்னும் தேனி முகவரியோ, விருதுநகர் முகவரியோ இருந்தால், திருப்பூர் முகவரிக்கு மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். செல்போன் நம்பரையும் கடைக்காரருடையதைக் கொடுக்காமல் உங்களுடையதையே கொடுங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.